இரு பிள்ளைகளுக்கு எத்தனை நூல்கள்?

பாகூர் மூலநாதரை வழிபடச் செல்லும் அன்பர் பலர், அவ்வூர் பல்லவர் காலத்தில் பெருங்கல்வி நிலையமாய் விளங்கியதை அறியார். 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் ஆட்சியில், அங்கிருந்த வித்யாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு உரைக்கிறது. வேதம் நான்கு, அங்கம் ஆறு, மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாஸ்திரம் என வித்தைகள் பதினான்கு. அவற்றை ஒருவரே கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஊர்களின் வருவாய் துணைநின்றது.

இன்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கும் தாய்க்கு அத்தகைய வருவாய் ஏது? ஆயினும் ஒன்பது வயது மகளுக்கொன்று, ஐந்து வயது மகனுக்கொன்று என இரண்டு முழுப் பாடத்தொகுப்புகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே வாங்குவோர் உளர். பாதி நூல்கள் உறை பிரியாமலே அலமாரியில் உறங்கும்.

திண்ணைப் பள்ளியில் பல வயதினரும் ஒரே ஆசிரியரிடம் பயின்றனர். மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாகி இளையோர்க்கு எழுத்தறிவித்தான். வீட்டிலும் அம்முறை பொருந்தும். கணக்கும் வாசிப்பும் மட்டுமே அவரவர் நிலைக்கேற்பத் தனித்தனி நூல் வேண்டுபவை. அதுவும் வயதை நோக்கியன்று, சில கணக்குகளைப் போடச் சொல்லிப் பார்த்த பின்னரே. புராணக் கதை, வரலாறு, செடிகொடிகள் ஆகியவற்றிற்கு ஒரே நூல் போதும். மகள் எழுதிக் காட்டட்டும். மகன் வாயால் சொல்லட்டும். என்.சி.இ.ஆர்.டி. நூல்களை இணையத்தில் கட்டணமின்றிப் புரட்டிப் பார்த்தபின் விலைகொடுத்து வாங்கலாம்.

தேர்வு பற்றிய அச்சமே பலரை அவசரப்படுத்துகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பிற்குச் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒன்பது வயது மகளுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் உள்ளன.