தோடு அடகுக்குப் போறதுக்கு முன்னாடி

போன மாசம் கீழ் லயத்துத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன். போனில் ஒரு ஐந்து கம்பி பேஸ் கிட்டார் படத்தைக் காட்டி, "அண்ணே, இத வாங்கலாமா? அம்மா தோட்டை வச்சுத் தர்றேன்னு சொல்லுது" என்றான்.

விலையைப் பார்த்தேன். அவன் அம்மா கொழுந்து எடுக்கிறவர். 2024இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. கிட்டாரின் விலையை அதால் வகுத்துப் பார்த்தேன், நூறு நாளைத் தாண்டிப் போனது. அதுவும் நூறு நாளும் முழுப்பேர் விழுந்தால்தான். கிலோ குறைந்து அரைப்பேர் போட்ட நாளை எல்லாம் யார் கணக்கில் எடுப்பது?

"வாங்காத" என்றேன். முகம் சுருங்கிப் போனது. நான் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். அன்றைக்கு வாயால் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். ஹட்டன், மஸ்கெலியா, நோட்டன் பக்கம் இசைக்குழுவில் பேஸ் வாசிக்க ஆசைப்படுகிற நிறையப் பேர் இதே பிழையைத்தான் செய்கிறோம். என் அம்மாவின் தோடும் ஒரு பேஸுக்காக அடகுக்குப் போனதுதான். திருப்பி எடுக்க ஒன்றரை வருசம் ஆனது.

யூடியூப்பில் பேஸ் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், பொய் சொல்வதில்லை. ஆனா அவர்கள் சொல்கிற மேடை வேறு. அங்கே சுவரில் ஒழுங்கான பிளக் இருக்கும், கூரை ஒழுகாது, சவுண்ட்காரருக்குப் பேஸ் என்றால் என்னவென்று தெரியும். நம்ம மேடை என்ன? கோயில் திருவிழா என்றால் மைதானத்தில் பலகை அடித்த மேடை, மேலே தறப்பாள், பக்கத்தில் ஜெனரேட்டர். கல்யாணம் என்றால் தகரக் கூரை போட்ட மண்டபம். இந்த மேடைக்கு எதை முதலில் வாங்க வேண்டும் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

என் முதல் திருவிழா நிகழ்ச்சியில் புதுப் பேஸ், நூறு வாட் ஆம்ப் இரண்டையும் கொண்டு போனேன். இரண்டாவது பாட்டில் கோரஸ் பாட மைக்குக்குக் கிட்டப் போனேன். உதடு மைக்கில் பட்டது. பல்லுக்குள்ளே யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. சனம் சிரித்தது, நான் ஆடுகிறேன் என்று நினைத்து. இறங்கிப் போய்ப் பார்த்தால் என் ஆம்புக்கு ஒரு லைன், மிக்சருக்கு இன்னொரு லைன். ஆம்பின் வயரில் எர்த் முள்ளையே வெட்டி எடுத்திருந்தார்கள். செகண்ட் ஹேண்ட் ஆம்ப், விற்றவர் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் ஊர் கரண்ட் செய்கிற ஊர். காசல்ரீயில் தேங்குகிற தண்ணீர் இறங்கி வந்துதான் நோட்டனில் இருக்கிற விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்றுகிறது. 1965இலிருந்து ஓடுகிறது, 50 மெகாவாட். நோட்டன் அணையில் மறிபடுகிற தண்ணீர் அதற்குக் கீழே 1950இல் தொடங்கிய பழைய லக்ஷபான நிலையத்துக்குப் போகிறது. நாடு முழுக்க வெளிச்சம் போகிற இடத்தில் நின்றுகொண்டு, லயத்துச் சுவரில் ஒரே ஒரு பிளக், அதில் மல்ட்டி பிளக், மல்ட்டி பிளக்கில் இன்னொரு மல்ட்டி பிளக். இரண்டு முள் பிளக் போகவில்லை என்றால் எர்த் ஓட்டையில் பேனாவைச் செருகித் திறக்கிறோம். டீவிக்குச் செய்கிற அதையே மேடையிலும் செய்கிறோம்.

கிட்டார் வாசிக்கிறவருக்கு இது ஏன் மற்றவர்களைவிட ஆபத்து? பேஸின் கம்பியும் பிரிட்ஜும் கேபிள் வழியாக ஆம்பின் உடம்போடு தொடுத்திருக்கும். கம்பியில் கை, மைக்கில் வாய். இரண்டு பக்கமும் ஒரே எர்த்தில் இல்லை என்றால் நடுவில் இருக்கிற வயர் நாம்தான். 1972இல் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி, சுவான்சியில் மேடையிலேயே எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்து போனார். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976இல் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது கரண்ட் அடித்து இறந்தார். மழையில் நனைந்த பலகையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற நமக்கு இது பழைய கதை இல்லை.

அதனால் தம்பி, முதல் காசு இங்கே போகட்டும். எர்த் உள்ள ஒழுங்கான எக்ஸ்டென்ஷன் ஒன்று, உன் சொந்தமாக. முடிந்தால் ட்ரிப் சுவிட்ச் உள்ளது. ஒரு மல்ட்டிமீட்டர். வாசிக்கத் தொடங்க முன்னம் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேஸின் கம்பியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் பிடி. ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மைக் பக்கம் போகாதே, வயர்மேனைக் கூப்பிடு. மேடையில் எல்லாருக்கும் ஒரே இடத்திலிருந்து லைன் எடுக்கச் சொல். மைக்குக்கு ஸ்பொஞ்ச் மூடி போடு. இரைச்சல் வருகிறது என்று யாராவது எர்த் முள்ளை உடைக்க வந்தால் சண்டை போடு. இரைச்சலை வேறு வழியில் குறைக்கலாம், சொல்கிறேன்.

அந்த இரைச்சலைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேள். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வருகிற ஜி 49 ஹெர்ட்ஸ். அதாவது கரண்டின் 'ம்ம்ம்' சத்தம் ஜியை விடக் கொஞ்சம் கூடுதல் சுருதியில் நிற்கிறது. ஜியில் ஒரு பாட்டு வந்தால் மேடையே சுருதி விலகின மாதிரி இருக்கும். கீபோட் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்த இரவுகளில் பாதிக்குக் காரணம் நானில்லை, கரண்ட்தான். (மீதிப் பாதிக்கு நான்தான்.)

இரண்டாவது காசு டி.ஐ. பொக்ஸுக்கு. கைக்குள் அடங்குகிற பெட்டி. ஆம்பைவிட இதுதான் எனக்கு உழைத்தது. சாதாரண பேஸை மிக்சரின் லைன் ஓட்டையில் நேரே குத்தினால் சத்தம் மந்தமாகிப் போகும், பிக்கப்புக்கு அந்த ஓட்டை பொருந்தாது. கிட்டார் கேபிளும் ஆறேழு மீட்டருக்கு மேல் நீண்டால் இரைச்சலை இழுக்கும். டி.ஐ. இருந்தால் மைக் வயரிலேயே ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கிற மிக்சருக்கும் சுத்தமாகப் போகும். அதில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். இரைச்சல் வந்தால் அதைத் தட்டு. அது சத்தம் போகிற வயரின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், ஆம்பின் பிளக்கில் இருக்கிற எர்த் அப்படியே இருக்கும். உயிருக்குப் பயமில்லை. ஆம்ப் இல்லாமல் டி.ஐ.யோடு போவது வறுமை என்று நினைக்காதே. மோடவுன் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் நேரே மிக்சருக்குப் போய்ப் பதிவானதுதான். அவரிடம் இருந்தது நாலே கம்பி. தேய்ந்த கம்பியைக்கூட லேசில் மாற்ற மாட்டார், வலது கையில் வாசித்ததும் ஒரு விரலால்.

நாலு கம்பி என்றதும் உன் ஐந்தாவது கம்பிக்கு வருகிறேன். அந்தக் கீழ் பி, 31 ஹெர்ட்ஸ். ஈயே 41தான். நம்ம திருவிழாவுக்கு வருகிற பெட்டிகள் பெரும்பாலும் 50க்குக் கீழே கைவிட்டுவிடும், மரத்தில் கட்டுகிற ஹோர்ன் அதற்கு எவ்வளவோ மேலேயே கைவிட்டுவிடும். அம்மாவின் தோட்டை வைத்து வாங்குகிற கம்பியின் அடிச்சத்தம் அந்த மைதானத்தில் ஒருத்தருக்கும் கேட்காது.

அப்போ ஈ மட்டும் எப்படிக் கேட்கிறது? இங்கேதான் காது நமக்கு உதவி செய்கிறது. கம்பி 41இல் மட்டும் அதிர்வதில்லை, 82, 123 என்று மேலேயும் அதிர்கிறது. மேல் சத்தங்கள் தெளிவாகக் கேட்டால் மூளை கீழே இருப்பதைத் தானே கற்பனை பண்ணிக்கொள்ளும். கேட்கவில்லையே என்று பேஸ் திருகைக் கூட்டினால் பெட்டி உறுமும், பாட்டு கேட்காது. மிட்டைக் கூட்டு. 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம். தனியாகக் கேட்டால் அசிங்கமாக, மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும். ட்ரம்ஸும் கீபோடும் சேர்ந்ததும் சரியாக உட்காரும். வீட்டில் தனியே வாசித்து அழகாக வைத்த சவுண்ட் மேடையில் காணாமல் போவதன் மர்மம் இவ்வளவுதான். இது தெரிய எனக்கு ஒரு வருசம் ஆனது.

ஆம்ப் இருந்தால் நிலத்தில் வைக்காதே. பலகை மேடை பொள்ளல், அதுவே ஒரு பெரிய மத்தளம் மாதிரி உறுமும். ஒரு கதிரையில் ஏற்றிக் காதுப் பக்கம் சாய்த்து வை. காலில் அடிக்கிற சத்தம் உனக்குக் கேட்காது, கேட்கவில்லை என்று நீ கூட்டுவாய், முன் வரிசைத் தாத்தா எழும்பிப் போவார். பெரிய ஆம்ப் வாங்கினால் தீரும் என்று நினைக்கிறாயா? வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டும் என்றால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வாட் வேண்டும். அந்தப் பந்தயத்தில் நாம் ஓட முடியாது.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. பக்கத்து வட்டவளை இலங்கையிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று, வருசத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல். நோட்டனும் சளைத்ததில்லை. கம்பி துருப்பிடிக்கும், நெக் வளையும். வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடை. சத்தம் செத்துப் போன கம்பியைக் கழற்றிப் பத்து நிமிசம் தண்ணீரில் அவித்துக் காய வைத்தால் சில வாரத்துக்கு உயிர் வரும், அம்மாவின் குழம்புச் சட்டியில் மட்டும் அவிக்காதே. நெக்கைத் திருத்த வேண்டும் என்றால் உள்ளே இருக்கிற கம்பியை ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பு, ஒரு இரவு விட்டுப் பார். வார் கழன்று பேஸ் விழாமலிருக்க பழைய செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டிப் பித்தானுக்கு மேல் போடு. கிட்டார் உறைக்கு மேல் ஒரு பெரிய பொலித்தீன். பஸ்ஸில் பின் கதவுப் பக்கம் நிற்காதே.

எங்கள் தோட்டத்துத் தப்புக்காரர்களைப் பார்த்திருக்கிறாயா? திருவிழா தொடங்க முன்னம் வைக்கோலையோ கடதாசியையோ கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். குளிரில் தோல் தளர்ந்துவிடும் என்று தெரியும். தட்டிப் பார்ப்பார்கள், திரும்பக் காய்ச்சுவார்கள். அதைப் பின்தங்கிய வேலை என்று நாங்கள் பார்த்தோம். சவுண்ட் செக் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்த பிறகு அதையே நாங்கள் செய்யாமல் மேடை ஏறினோம்.

இப்போ என்னைக் கோபப்படுத்துகிற விசயம். திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர் போன வருசம் கேட்டார்: "பேஸ் எதுக்கு தம்பி, கீபோட்லயே இருக்குல்ல? ஒரு ஆள் காசு மிச்சம்." எங்கள் குழுவில் மூத்தவர்களே தலையாட்டினார்கள். பல நிகழ்ச்சிகளில் பேஸ்காரருக்குப் பாடகரின் பாதிக் காசுகூட இல்லை, முதலில் வெட்டுவதும் அவரைத்தான்.

கமிட்டிக்காரரை முழுசாகக் குற்றம் சொல்ல மாட்டேன். உறுமலாகக் கேட்கிற பேஸுக்கு அவர் ஏன் காசு தர வேண்டும்? ஆனா 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்துக்கொள். 1980இல் வந்தது. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் சும்மா சுதியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, பாடகருக்குக் கீழே தனியாக இன்னொரு மெட்டு நடந்து போகும். வலது கையில் வயலினையும் புல்லாங்குழலையும் வாசிக்கிற கீபோட் அண்ணனின் இடது கையால் அதைத் தாங்க முடியாது. அவர் சுதியை மட்டும் அழுத்துவார். சனத்துக்குப் பெயர் சொல்லத் தெரியாது, ஆனா ஏதோ குறைகிறது என்று தெரியும். பைலாவும் அப்படித்தான். அந்த ஆறு எட்டு தாளத்தில் பேஸும் ட்ரம்ஸின் காலும் ஒன்றாக விழாவிட்டால் எந்தக் கல்யாணத்திலும் கதிரையை விட்டு ஒருத்தரும் எழும்ப மாட்டார்கள்.

அதற்காக எல்லா இடத்திலும் ஓடாதே. நான் ஓடினேன். மலைக்கு நடுவில் இருக்கிற மைதானத்தில் சத்தம் எதிர்ப் பக்கம் பட்டுத் திரும்பி வரும், வேகமாக வாசித்தால் இரண்டு பேஸ் சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கும். மேடையில் தப்போ உறுமியோ சேர்கிற பாட்டில் கீழ்ச் சத்தம் அவர்களுடையது. அங்கே நீ பாதி சுரத்தை விட்டுவிடு. தெரிந்த மெட்டு வருகிற இடத்தில் மட்டும் முழுசாக வாசி. கீபோட் அண்ணனிடம் முதலே மரியாதையாகச் சொல்: "அண்ணே, இந்தப் பாட்டுல இடது கைய எடுத்துருங்க." அவர் எடுத்த அன்றைக்குத்தான் எங்கள் நிகழ்ச்சியில் பேஸ் இருக்கிறது என்று என் அம்மாவுக்கே தெரிந்தது.

தம்பி இப்போது என் பழைய நாலு கம்பியை இரவல் வாங்கிப் போயிருக்கிறான். டி.ஐ. பொக்ஸுக்கு இருவரும் பாதிப் பாதி போடுவதாகப் பேச்சு. மல்ட்டிமீட்டர் அவன் மாமாவிடம் இருக்கிறதாம். தோடு இன்னும் அவன் அம்மாவின் காதில்தான் இருக்கிறது. ஆனா அந்த ஐந்து கம்பிப் படத்தை அவன் போனிலிருந்து அழிக்கவில்லை, நேற்றுப் பார்த்தேன்.