மூச்சைப் பிடிங்க மாமா!

எங்கள் திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவில் படிக்குப் படி பூஜை செய்து, பாடிக்கொண்டே மேலே போவார்கள். என் மாமனார் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. மாப்பிள்ளையான நான் வண்டிப் பாதையில் போய், மேலே அவருக்காகக் காத்திருப்பது வழக்கம். ஹி... ஹி...

போன தடவை நான்தான் அவரைத் தேடி இறங்க வேண்டியதாயிற்று. பாதி வழியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா?"

"இந்த வருஷம் படியை உசரமாக் கட்டிட்டாங்க மாப்பிள்ளை!"

படி அப்படியேதான் இருந்தது. அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

மறுநாள் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "எதுக்கும் எக்கோ எடுத்துடுங்க" என்றார்.

எக்கோ ரூமில் ஒரு இளம் பெண் டாக்டர். வேலைக்குப் புதுசு. மாமாவை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல்லைத் தடவினார். ஜில்லிப்பில் மாமா "முருகா!" என்று அலறியதில், வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கருவியை வைத்தார். படம் சரியாக விழவில்லை. எலும்பும் நுரையீரல் காற்றும் ஒலி அலையை மறைத்துவிடும். விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள சந்து வழியாகத்தான் இதயத்தை எட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்த்தால் வேறு படம், கொஞ்சம் திருகினால் படமே காலி. ஒரு காலத்தில் மொட்டை மாடியில் ஆன்டெனா திருப்புவோமே... "தெரியுதா?" "இன்னும் கொஞ்சம்..." "ஆங், நிறுத்து! ஐயோ, போச்சே!" அதேதான்.

"மூச்சைப் பிடிங்கப்பா" என்றவர், விடச் சொல்ல மறந்துவிட்டார். மாமா சொன்ன பேச்சு கேட்பவர். முகம் செக்கச் செவேலென்று ஆனதும் நான்தான் கத்தினேன்: "விடுங்க மாமா!"

அரை மணி நேரம் கழித்து, "வால்வுல லேசான சுருக்கம்" என்றார். பிறகு சீனியர் வந்தார். கருவியை ஒரு விரல்கடை நகர்த்திச் சாய்த்தார். "லேசு இல்லைம்மா, நடுத்தரம்" என்றார்.

வால்வில் ரத்தம் பாயும் வேகத்தை வைத்துத்தான் சுருக்கத்தை அளக்கிறார்கள். கோணம் தப்பினால் வேகம் குறைச்சலாகக் காட்டும். நோய் அப்படியே இருக்க, ரிப்போர்ட் மட்டும் நன்றாக இருக்கும்!

எனக்கு வந்ததே கோபம். "கத்துக்க நீங்கதான் கிடைச்சீங்களா?" என்று பொங்கினேன். டாக்டரிடம் இல்லை சார், வெளியே வந்து மாமாவிடம்.

மாமா சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "வேற யார்கிட்டதான் கத்துக்கும், அந்தப் பொண்ணு?"

நியாயமான கேள்வி. பதில் தேடிப் போனால்... பொம்மை!

பிளாஸ்டிக் நெஞ்சு, அதற்குள் விலா எலும்பு. கூடவே ஒரு டூப்ளிகேட் கருவி. அது எங்கே, எந்தச் சாய்வில் இருக்கிறது என்று சென்சார் சொல்ல, அந்தக் கோணத்தில் இதயம் எப்படித் தெரியுமோ அந்தப் படத்தை கம்ப்யூட்டர் காட்டும். வால்வு சுருக்கம் வேண்டுமா? ஒரு பட்டன். இதயத்தைச் சுற்றி நீரா? இன்னொரு பட்டன். நிஜத்தில் அப்படி நீர் கோத்த ஆள் வந்தால், பாடம் நடத்தவா நேரம் இருக்கும்? உணவுக் குழாய்க்குள் கருவியை இறக்கி எடுக்கும் எக்கோவும் உண்டு. அதை யார் தொண்டையில் பழகுவது? லண்டனில் இதற்காகவே டாக்டர்கள் கிராபிக்ஸ் கம்பெனிக்காரர்களோடு சேர்ந்து 'ஹார்ட்வொர்க்ஸ்' என்ற பொம்மையை உருவாக்கினார்கள். நம் போரூர் ராமச்சந்திராவிலும் மருத்துவப் பயிற்சிக்கென்றே சிமுலேஷன் மையம் இருக்கிறது.

எக்கோ பிறந்ததே இரவல் கருவியில்தான். 1953-ல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரரும், உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியை வாங்கிவந்து இதயத்தைப் பார்த்தார்கள்.

நான் பி.காம். சார். 'ராமன் ரூ.10,000 ரொக்கத்துடன் வியாபாரம் தொடங்கினார்' என்று, இல்லாத ராமனுக்கு மூன்று வருஷம் கணக்கு எழுதியவன். டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தள்ளிவிடுவேன். ராமன் சண்டைக்கு வந்ததே இல்லை. இதயத்துக்கு ஏது சஸ்பென்ஸ் அக்கவுன்ட்? தப்பெல்லாம் பொம்மையோடு போகட்டும்!

ஆறு மாசம் கழித்து மறுபடி எக்கோ. அதே பெண். "நடுவுல பொம்மையில பயிற்சி எடுத்தேன் சார்" என்றார். பத்தே நிமிஷம். பளிச்சென்று படம். "விடுங்கப்பா"வும் கரெக்டாக வந்தது.

ஆனால், ஜெல் தடவுவதற்கு முன்னால் ஒன்று சொன்னார்: "கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்பா."

கோணத்தைப் பொம்மை கற்றுக்கொடுத்திருக்கும். இதை எப்படிக் கற்றுக்கொடுக்கும்? பொம்மைக்குத்தான் "முருகா!" என்று அலறத் தெரியாதே. இது மாமா எடுத்த கிளாஸ்!

சுருக்கம் கூடவில்லையாம். ஆனால், இந்த டிசம்பர் 31-க்குப் படி ஏறக்கூடாது, என்னோடு வண்டியில்தான். மாமா கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபீஸ் வாங்காம கிளாஸ் எடுத்திருக்கேன் மாப்பிள்ளை. இந்த ஒரு வருஷம் முருகன் கன்செஷன் குடுக்க மாட்டானா?"