முதுமாணி என்றால் எத்தனையாம் மட்டம்?

அரிசி வாங்கும் வியாபாரி மூடையில் ஒரு பிடி எடுத்துப் பாராமல் காசு கொடுப்பதில்லை. அவரே பிள்ளையின் மேற்படிப்பு என்றதும், விளம்பரத்திலுள்ள பெயரை மட்டும் நம்பி, உம்மாவின் நகையை அடகு வைத்தாவது இலட்சக்கணக்கில் கட்டிவிடுகிறார். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பெற்றோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் 12 மட்டங்கள் உள்ளன. பொதுப் பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6, பட்டப்பின் சான்றிதழ் 7, பட்டப்பின் டிப்ளோமா 8. முதுமாணியில் இரு வகை. பாடநெறி மட்டுமென்றால் 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தால் 10ஆம் மட்டம், 60 கிரெடிட். எம்.பில். 11, கலாநிதிப் பட்டம் 12. ஆகவே பட்டப்பின் டிப்ளோமா முதுமாணி ஆகாது. முதுமாணி எல்லாமும் ஒன்றல்ல. பின்னர் பல்கலைக்கழக வேலையை நாடுவோர் ஆய்வுள்ளதைத் தெரிவதே புத்தி.

வெளிநாடு செல்வோரின் பரீட்சைகளும் அப்படியே. ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலத்தை மட்டும் சோதிப்பது. பெறுபேறு 2 வருடமே செல்லும். ஜீ.ஆர்.ஈ., ஜீமெட் பெறுபேறுகள் 5 வருடம் செல்லும். எம்.பி.ஏ.க்கு ஜீமெட்தான் வேண்டும் என்பது பழைய கதை. இன்று பல வணிகக் கல்லூரிகள் இரண்டையும் ஏற்கின்றன. விண்ணப்பிக்கும் இடம் எதைக் கேட்கிறது என அறியாமல் பரீட்சைக் கட்டணம் கட்டுவது வீண் செலவு.

காசு கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். எத்தனையாம் மட்டம்? எத்தனை கிரெடிட்? பட்டம் வழங்கும் நிறுவனத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்துள்ளதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். விளங்காவிட்டால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பஸ் ஏறிப் போய்க் கேட்கலாம். எழுதித் தர மறுப்பவரிடம் பிள்ளையின் எதிர்காலத்தை வாங்க வேண்டாம்.