பூ மட்டும் போதுமா மக்களே?

வாஷிங்டன் டைடல் பேசின் செர்ரிப் பூக்களைப் படம் எடுக்கப் போறீங்களா? தாராளமா எடுங்க. ஆனா கிளையை வளைச்சு, வேர் மேல ஏறி நின்னு எடுக்கிறதுக்குப் பேர் ரசனை இல்லைங்க, அராஜகம்!

1910-ல ஜப்பான் அனுப்பின 2,000 மரங்கள்ல பூச்சியும் நோயும் இருந்ததால எரிச்சுட்டாங்க. டோக்கியோ நகரம் சலிக்காம மறுபடி அனுப்பி, 1912-ல 3,020 மரங்கள் வந்து சேர்ந்தன.

நாம என்ன பண்றோம்? மிதிக்க மிதிக்க மண் இறுகும். இறுகின மண்ணுல வேருக்குக் காத்தும் கிடைக்காது, தண்ணியும் இறங்காது. போதாக்குறைக்கு கரைச்சுவர் அமிழ்ந்து, நீர்மட்டம் ஏறும்போதெல்லாம் வேர்ல வெள்ளம். சுவரைப் புதுப்பிக்க 2024-ல நூத்துக்கும் மேல செர்ரி மரங்களை வெட்டினாங்க. உள்ளே பொந்தான பிறகும் பூத்துக்கிட்டிருந்த 'ஸ்டம்ப்பி'யும் அதுல போச்சு.

"நான் ஒருத்தன் மிதிச்சா என்ன ஆகிடும்?" பூக்காலத்துல பத்து லட்சம் பேருக்கு மேல வர்றாங்க சார். எல்லாருமே அந்த 'ஒருத்தன்'தான்!

காமர்ஸ்ல முதல்ல சொல்லித் தர்றதே இதுதான்: வரவை மட்டும் காட்டி, தேய்மானத்தை எழுதாத கணக்கு பொய்க்கணக்கு. நம்ம ஆல்பங்களும் அப்படித்தான். பூ வரவு, வேர் தேய்மானம்.

பாதையிலேயே நின்னு ஜூம் பண்ணுங்க. படம் சுமாரா வந்தா பரவாயில்லை, மரம் நல்லா இருக்கட்டும்.