பறக்கும் பண்டிதரும் மறந்துபோன கேப்டனும்

எப்போதோ தொலைக்காட்சியில் வந்துபோன பிள்ளைகள் கதையைப் பற்றி இப்போது எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். புராணத்தைப் பற்றிக் கேட்காத இக்கேள்வியை இதற்கு மாத்திரம் ஏன் கேட்க வேண்டும் என்று நாமும் திருப்பிக் கேட்கின்றோம். பெரியவர்களுக்குப் புராணம் செய்கின்ற வேலையைத்தான் சிறுவர்களுக்கு இக்கதைகள் செய்கின்றன.

1998-இல் தூர்தர்ஷனில் 'கேப்டன் வியோம்' என்றொரு தொடர் வந்தது. கேதன் மேத்தா எடுத்தது; மிலிந்த் சோமன் நடித்தார். 2123-ஆம் ஆண்டில் நடப்பதாகக் கதை. வியாழன் கிரகத்தின் துணைக்கோள் ஒன்றிலுள்ள சிறையிலிருந்து தப்பியோடிய கொடியவர்களை அவன் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லாம் கற்பனைதான். ஆனாலும் அதைப் பார்த்த பையன் வியாழனுக்குத் துணைக்கோள் உண்டா என்று கேட்பான். அத்தொடர் சொற்ப காலத்தில் நின்றுவிட்டது. இன்று அதை நினைப்பார் சிலரே.

நிற்க. அதே தூர்தர்ஷனில் 1997-இல் தொடங்கிய 'சக்திமான்' 2005 வரை ஓடிற்று. அவனுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? முனிவர்கள் யாகம் வளர்த்தார்களாம். அவன் தீயில் இறங்கினானாம். பஞ்சபூதங்கள் பலம் தந்தனவாம். சாதாரண வேஷத்தில் அவன் பெயரென்ன? பண்டித கங்காதர் என்று ஆரம்பித்து ஓம்கார்நாத் சாஸ்திரி என்று முடியும்! சரி, விஞ்ஞானம் படித்த டாக்டர் ஜைக்கால் யார்? இருட்டுக்கு அரசனான வில்லனின் கையாள்! யாகம் செய்கிறவன் யோக்கியன், ஆராய்ச்சி செய்கிறவன் அயோக்கியன் என்பதல்லாமல் இதற்கு வேறு அர்த்தமென்ன?

பல் துலக்கு, பொய் சொல்லாதே என்று அத்தொடர் புத்தி சொன்னதை நாம் மறுக்கவில்லை. ஆனால், சக்திமான் வந்து காப்பான் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தில் விழுந்ததாகச் செய்திகள் வந்ததும், நடித்த முகேஷ் கன்னாவே தோன்றி அப்படிச் செய்யாதீர்கள் என்று எச்சரித்ததும் மெய்யல்லவா?

எங்கள் கிளாவரையிலும் ஒன்று நடந்தது. என் தமக்கை மகனுக்கு அப்போது எட்டு வயது. அக்கதையின் இந்தி அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது; பறப்பது மாத்திரம் புரிந்தது. கழுத்தில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு பூண்டுக் காட்டு மேட்டிலிருந்து சுழன்று குதித்தான், கை ஒடிந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு காய்கறி லாரியில் கவுஞ்சி, பூம்பாறை வழியாகக் கோடைக்கானலுக்கு ஓடினோம். எலும்பைப் படமெடுத்துச் சேர்த்துக் கட்டியது எந்த முனிவர்? விஞ்ஞானம் படித்த ஒரு டாக்டர்தான்!

தோழர்களே! சூரியனின் பேரால் சக்தி தரும் முனிவர்களைப் பற்றிக் கதை பேசுகிறோம். நம் மலையிலேயே 1899 முதல் சூரியனை ஆராயும் கூடம் ஒன்று கோடைக்கானலில் இருக்கின்றது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் என்பவர் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகத்து விஞ்ஞான நூல்களெல்லாம் அவர் பெயரால் அதைக் குறிக்கின்றன. மேல்மலைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாதது அவர்கள் குற்றமா, சொல்லாத நம் குற்றமா?

பிள்ளைகளுக்குக் கதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கதை முடிந்தவுடன், "இது எப்படி நடக்கும்?" என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். பழனிக்கு மொட்டை போட அழைத்துப் போகிறவர்கள் ஒரு முறை அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கும் அழைத்துப் போய், எது பிரயோசனப்பட்டது என்று பிறகு யோசித்துப் பாருங்கள்.