பழைய வண்டி என்றால் சத்தம் வரத்தான் செய்யுமா?

கேமரன் மலையில் ரிங்லெட் தொடங்கி தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா வரை எங்கு நின்று பார்த்தாலும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் கண்ணில் படும். முட்டைக்கோஸ் கூடைகள், உர மூட்டைகள், தேயிலைத் தோட்டத்து வேலையாட்கள் என எல்லாவற்றையும் அவை சுமக்கின்றன. முதல் லேண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. அந்த வழியில் கடைசியாக வந்த பழைய டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரியில் நின்றுபோனது. வண்டிகளோ இன்னும் ஓய்வு பெறவில்லை.

இப்படி ஒரு வண்டி கிளம்பும்போது அடியிலிருந்து 'டக்' என்று சத்தம் வந்தால், பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பழைய வண்டி, சத்தம் வரத்தான் செய்யும்." இந்தப் பதிலை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. வண்டியின் வயது சத்தம் போடாது; தேய்ந்துபோன ஏதோ ஒரு பாகம்தான் சத்தம் போடும். அது எந்தப் பாகம் என்று கண்டுபிடிப்பது முழுக்க முழுக்க அறிவியல். மலைச்சரிவில் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கூட்டல் குறி வடிவில் ஒரு மூட்டு

இயந்திரமும் கியர் பெட்டியும் வண்டியின் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன. பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சோ, ஸ்பிரிங்கோடு சேர்ந்து மேடு பள்ளங்களில் ஏறி இறங்குகிறது. கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் இரும்புக் குழாயைப் புரோப்பலர் ஷாஃப்ட் என்கிறோம். ஒரு முனை அசையாமலும் மறுமுனை ஏறி இறங்கியும் இருப்பதால், அந்தக் குழாயின் இரு முனைகளிலும் வளைந்துகொண்டே சுழலக்கூடிய மூட்டுகள் தேவை. அவைதாம் யூனிவர்சல் ஜாயிண்ட்.

இரண்டு கவைகள், அவற்றின் நடுவே கூட்டல் குறி போன்ற ஓர் எஃகுத் துண்டு. மூட்டின் அமைப்பு அவ்வளவுதான். பட்டறைகளில் இந்தத் துண்டைக் 'கிராஸ்' என்பார்கள். அதன் நான்கு முனைகளிலும் சிறு கிண்ணம் போன்ற மூடிகள் உண்டு. ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வட்டமாக அடுக்கப்பட்டு, கிரீஸ் நிரப்பப்பட்டிருக்கும்.

இந்த மூட்டின் வரலாறு மோட்டார் வண்டியைவிட மிகப் பழையது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் இதைக் 'கார்டான் மூட்டு' என்றும் சொல்வார்கள். 1676இல் ராபர்ட் ஹூக் சூரியனை ஆராயும் கருவிகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இந்த மூட்டை விளக்கினார். நீங்கள் பாடத்தில் படிக்கும் ஸ்பிரிங் விதிக்குச் சொந்தக்காரரும் அதே ஹூக்தான். 1903இல் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர் மோட்டார் வண்டிக்கு ஏற்ற மூட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

இந்த மூட்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அது வளைந்த நிலையில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் சீராகச் சுழலாது. மூட்டு 20 பாகை வளைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் வேகம் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால், வெளியே போகும் வேகம் 940க்கும் 1,064க்கும் இடையே ஏறி இறங்கும். 20 பாகையின் கோசைன் மதிப்பான 0.94ஆல் 1,000ஐப் பெருக்கினால் முதல் எண்; வகுத்தால் இரண்டாவது எண். ஒவ்வொரு சுற்றிலும் இந்த ஏற்ற இறக்கம் இருமுறை நிகழும்.

அப்படியானால் வண்டி குலுங்கிக்கொண்டே போக வேண்டுமே? அதற்காகத்தான் ஷாஃப்ட்டின் மறுமுனையில் இரண்டாவது மூட்டு. இரண்டும் ஒரே அளவு வளைந்து, ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேராக இருந்தால், முதல் மூட்டு உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது மூட்டு சமன் செய்துவிடும். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஒரு நல்ல மெக்கானிக் இரு பகுதிகளிலும் அடையாளக் கோடு போட்டுக்கொள்வது இதனால்தான். கோடு போடாமல் பிரித்து, கால் சுற்று மாற்றிப் பூட்டிவிட்டால், சமன் ஆக வேண்டிய அதிர்வு கூடிவிடும். புதுக் கிராஸ் போட்ட பிறகும் வண்டி நடுங்குகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மலையில் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

கிராஸின் மூடிக்குள் இருக்கும் ஊசி உருளைகள் முழுச் சுற்றாகச் சுற்றுவதில்லை. மூட்டு எத்தனை பாகை வளைகிறதோ அந்த அளவுக்கு மட்டும் முன்னும் பின்னும் அசைகின்றன. ஆகவே சுமை முழுவதும் திரும்பத் திரும்ப ஏறக்குறைய அதே இடத்தில் விழுகிறது. கிரீஸ் வற்றினால் எஃகோடு எஃகு உரசி, உருளை பதியும் இடத்தில் சிறு பள்ளம் விழுகிறது.

மலையில் சுமையும் அதிகம். சீரீஸ் 3 வகை லேண்ட் ரோவரின் முதல் கியர் விகிதம் 3.68; ஏற்றத்துக்கான தாழ் கியரின் விகிதம் 2.35. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 8.6 வரும். இயந்திரத்தின் திருப்புவிசை அத்தனை மடங்காகப் பெருகி ஷாஃப்ட்டுகளுக்கு வருகிறது. முன் சக்கரங்கள் சேற்றில் வழுக்கினால், அதில் பெரும்பகுதியைப் பின் ஷாஃப்ட் ஒன்றே தாங்க வேண்டும்.

இதனுடன் மழையும் சேறும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் இது. மூடியின் ரப்பர் வளையம் கிழிந்தால் நீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியேறும், துரு பிடிக்கும். வண்டியை உயர்த்திக் கட்டுவதும் மூட்டுக்குச் சுமையே. உயரம் கூடினால் ஷாஃப்ட்டின் சாய்வு கூடும். சாய்வு கூடினால் வேக ஏற்ற இறக்கமும் கூடும்.

ஊகம் வேண்டாம், சோதனை வேண்டும்

'டக்' சத்தம் கேட்டவுடன் கிராஸை மாற்றிவிடுவதும் தவறுதான். பின் அச்சில் உள்ள பற்சக்கரங்கள் தேய்ந்திருந்தாலும், இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் தளர்ந்திருந்தாலும் அதே போன்ற சத்தம் வரும். ஒவ்வொரு சாத்தியத்தையும் சோதித்து விலக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கருதுகோளைச் சோதிக்கும் அதே முறைதான் இது.

முதலில் காது. முன்னால் போகும் கியரிலிருந்து பின்னால் போகும் கியருக்கு மாற்றும்போது 'டக்' என்று வருகிறதா? மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்' என்று, சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா? வண்டி நிற்கும்போது இயந்திரத்தை முடுக்கினால் அந்தக் 'கீச்' வராமல், ஓடும்போது மட்டும் வந்தால், மூட்டு வறண்டுபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது கணக்கு. இந்த வண்டிகளின் 7.50-16 டயர் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 3.3 முறை சுற்றும். பின் அச்சின் விகிதம் 4.7 என்பதால் ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 15.5 முறை சுற்றும். எனவே நொடிக்கு 3 அதிர்வு என்றால் சந்தேகம் டயர் மேல். 15.5 என்றால் ஷாஃப்ட்டின் எடைச் சமநிலை மேல். 31 என்றால் மூட்டின் சாய்வு மேல் அல்லது கவைகளின் நேர் மேல். கைப்பேசியில் இருக்கும் அதிர்வு உணரியை வைத்தே இதை அளக்கலாம். சமதளச் சாலையில், ஓட்டுநர் அல்லாத ஒருவர் அளக்க வேண்டும்.

கடைசியில் கை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகு, பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் இதைச் செய்ய வேண்டும். மூட்டின் ஒரு பக்கக் கவையை ஒரு கையாலும் மறு பக்கக் கவையை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருப்புங்கள். இரு கவைகளுக்கும் இடையே சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் மூட்டு தேய்ந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகவே சேர்ந்து ஆடினால் குறை வேறிடத்தில், பெரும்பாலும் பற்சக்கர இடைவெளியில் இருக்கிறது. மூடியைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து துரு அரைபடுகிறது என்று பொருள். ஷாஃப்ட்டைக் கழற்றிய பின் மூட்டை வளைத்துப் பார்க்கும்போது நடுவில் படியில் விழுவதுபோல் தட்டினால், உருளைகள் பள்ளம் பதித்துவிட்டன. அதற்குக் கிரீஸ் மருந்தாகாது, கிராஸை மாற்றியே ஆக வேண்டும்.

கைப்பிரேக்கும் இதே மூட்டை நம்பித்தான்

பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கும். பழைய லேண்ட் ரோவரில் அது கியர் பெட்டிக்குப் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் உள்ள டிரம்மைப் பிடிக்கிறது. அந்தப் பிடி சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் இரண்டு கிராஸ்களையும் ஷாஃப்ட்டையும் கடந்துதான் போக வேண்டும். பின் சக்கர ஓட்டத்தில் மட்டும் இருக்கும் வண்டியில் அந்த மூட்டு உடைந்தாலோ ஷாஃப்ட்டைக் கழற்றினாலோ கைப்பிரேக் எதையும் பிடிக்காது. கியரில் போட்டு நிறுத்தினாலும் பயனில்லை. அந்தப் பிடியும் அதே வழியாகத்தான் வர வேண்டும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினாலும் இதே நிலைதான். பின் அச்சின் பற்சக்கர அமைப்பு, தூக்கிய சக்கரத்தை எதிர்த்திசையில் சுழல விட்டு, தரையில் இருக்கும் சக்கரத்தை உருள விடும்.

தேயிலைச் சரிவில் ஆட்களை இறக்கிவிட்டு நிற்கும் வண்டியை எண்ணிப் பாருங்கள். 'சத்தம் வரத்தான் செய்யும்' என்று நாம் ஒதுக்கிய அந்தச் சிறு மூட்டுதான் அப்போது வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது.

செலவு என்ற பதில் போதாது

"உடையும்போது மாற்றிக்கொள்ளலாம், இப்போது எதற்குச் செலவு?" என்று கேட்பவர்கள் உண்டு. காய்கறியை நேரத்துக்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டியவருக்கு ஒரு நாள் வண்டி நின்றாலும் இழப்புதான். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் சோதிப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். கிரீஸ் முனை உள்ள கிராஸில் நான்கு மூடிகளிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடித்துவிட்டால், அதன் ஆயுள் கூடும். தேய்ந்த கிராஸை அப்போதே மாற்றினால் செலவு கிராஸோடு முடியும். ஓட்டத்தில் உடைந்தால் சுழலும் ஷாஃப்ட் விழுந்து, சுற்றியுள்ள எதையும் அடித்து நொறுக்கும். வண்டி நிற்கும் நாள்களும் கூடும்.

ஆகவே தோட்டங்களும் பண்ணைகளும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, மாதம் ஒரு முறையாவது மூட்டுகளைச் சோதித்து எழுத வேண்டும். இது பெரிய கோரிக்கை இல்லை. அந்த வண்டிகளில் ஏறிப் போகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை.

மாணவர்களே, ஒன்று உங்களுக்கு. படிப்பு வராதவர்கள்தாம் பட்டறைக்குப் போவார்கள் என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். கோசைனும் அதிர்வெண்ணும் திருப்புவிசையும் ஒரே வண்டியின் அடியில் வேலை செய்வதை இப்போது பார்த்தீர்கள். திவெட் கல்வியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, இயற்பியல் படித்தாலும் சரி, காரணம் தெரியாத ஒரு சத்தத்துக்கு 'வயசாகிவிட்டது' என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது, எதோடு சேர்ந்து கூடுகிறது என்று கேளுங்கள். விடையைக் கையால் தொட்டு உறுதி செய்யுங்கள். ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.