யோசிச்சாக் கூடுமா?

மார்பகப் புற்று என்ற பயாப்சி ரிப்போர்ட்டோடு வீடு வந்த மூன்றாம் நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நெஸ்டமோல்ட் பக்கெட், மலிபன் பிஸ்கட், கடதாசியில் மடித்த விபூதி. கண்டியில் எங்கள் மஹய்யாவ வீட்டுத் திண்ணையில் இருந்தால் மயானத்துக்குப் போகிற ஊர்வலங்களின் பறைச்சத்தம் கேட்கும். அன்றைக்கும் ஒன்று போனது. பக்கத்து வீட்டு அக்கா பேச்சை நிறுத்தி, சத்தம் தேயும் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "டீச்சர், ஒண்ணும் யோசிக்காதீங்க. யோசிச்சாத்தான் இது கூடும். மனசைத் திடமா வச்சிருந்தா ஓடிப் போயிடும்" என்றார்.

அன்பில் சொன்னதுதான். அவரோடு எனக்கு வழக்கில்லை. அந்தப் பேச்சோடுதான் வழக்கு. ஆஸ்பத்திரி வாங்கிலும் கல்யாண வீட்டிலும் அதைக் கேட்டாகிவிட்டது. இப்போது 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற பெயரையும் அதற்குத் துணைக்குக் கூட்டி வருகிறார்கள். மூச்சைக் கவனித்தால் கட்டி கரையும் என்று போனில் வீடியோ அனுப்புகிறார்கள்.

முதலில், யோசித்ததால் வந்தது என்ற கதை. "அப்படி என்ன கவலை உங்களுக்கு?" என்று நேராகவே கேட்டார் ஒருவர். அன்றிரவு நான் கணக்குப் பார்த்தேன். மகளின் ஓ.எல். பரீட்சை, அடகில் இருந்த வளையல், அம்மா செத்த வருடம், வராத இடமாற்றம். எந்தக் கவலை கட்டியாயிற்று? இரண்டு மணிக்குக் குற்றவாளியைக் கண்டுபிடித்தேன்: நான்தான். நோயோடு இன்னொரு நோயை இனாமாகத் தருகிற கேள்வி அது.

இந்த நாட்டு ஆண்களிடம் முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாயில் வருவது. அதற்குக் காரணம் தேடி யாருடைய மனதுக்குள்ளும் இறங்க வேண்டியதில்லை, வெற்றிலைத் தட்டைப் பார்த்தால் போதும். புகையிலை சேர்த்த வெற்றிலை புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே போதும் என்று 2004இல் அறிவித்தது. மலைநாட்டில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையை அடக்கிக்கொண்டு கொழுந்து பறித்த தலைமுறைகளிடம் போய் "யோசிச்சதால வந்தது" என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! மார்பகப் புற்றுக்கு வயது, பரம்பரை, ஹோர்மோன் என்று காரணங்கள் உண்டு. பலருக்கு இன்னதென்று சுட்ட எதுவுமே கிடைக்காது. எனக்கும் கிடைக்கவில்லை.

அடுத்தது, திடமனதுக்காரர் பிழைப்பார் என்பது. இதை ஆராயாமல் விட்டிருப்பார்களா? தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 1,093 பேரை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து, ஜேம்ஸ் கொய்னும் கூட்டாளிகளும் 2007இல் முடிவை வெளியிட்டார்கள். அதற்குள் 646 பேர் இறந்திருந்தார்கள். தொடக்கத்தில் மனம் தெம்பாக இருந்ததற்கும் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. அதற்கு முன்னால், 1989இல், டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர் ஆதரவுக் குழுவில் சேர்ந்த மார்பகப் புற்று நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக எழுதியபோது உலகமே கொண்டாடியது. 2001இல் கனடாவில் 235 பெண்களை வைத்துச் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. 2007இல் ஸ்பீகலே திரும்பச் செய்து பார்த்தார், அவருக்கும் கூடவில்லை. ஆனால் அந்த 235 பேரில், வேதனையோடு வந்தவர்களுக்கு வேதனை குறைந்தது. அந்தச் செய்தியைத்தான் யாரும் வீடியோவாக அனுப்புவதில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மனம் முற்றாக உடைந்தவர் கிளினிக் திகதியைத் தவறவிடுவார், சாப்பாட்டை விடுவார், மருந்தை விடுவார். அந்த வழியில் மனதுக்கு வேலை உண்டு. அதனால், மனம் உடைந்தவரை வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். திடமாக இரு என்று அதட்டி ஆவதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது: மைண்ட்ஃபுல்னஸ் என்றால் மனதை வெறுமையாக்கி, கெட்ட எண்ணம் வராமல் பூட்டி வைப்பதாம். கண்டிக்காரர்கள் இப்படிச் சொல்லக் கூடாது. அந்தச் சொல் உலகம் சுற்றிய பாதையில் எங்கள் ஊர் இருக்கிறது. சதி என்ற பாளிச் சொல்லுக்கு அந்த ஆங்கிலப் பெயரை 1881இல் இட்ட ரைஸ் டேவிட்ஸ், இலங்கையில் சிவில் உத்தியோகம் பார்த்தவர். நகரத்துக்கு மேலே உடவத்தகலைக் காட்டுக் குடிலில் 1994இல் இறக்கும்வரை வாழ்ந்த ஞானபோனிக தேரர் ஜெர்மனியில் பிறந்தவர். வந்ததை வந்தபடி பார்ப்பது, அதோடு சண்டையும் பிடிக்காமல் அதன் பின்னால் ஓடவும் செய்யாமல் இருப்பது என்று இதை விளக்கி 1954இல் அவர் எழுதிய புத்தகம் மேற்குலகுக்குப் போனது. அதைப் படித்துத் தேறியவர்களில் ஒருவர் ஜோன் கபாட்-சின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில், வைத்தியர்கள் கைவிரித்த வலிக்காரர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தொடங்கியவர் அவர்தான். கலஹா பக்கம் நிலாம்பையில் 2000 வரை கற்பித்த கொட்வின் சமரரத்னவிடம் உட்கார வெளிநாட்டார் விமானம் ஏறி வந்தார்கள். நாங்கள் அந்த வழியால் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போனோம்.

பயத்தைப் பூட்டி வைக்கும்படி இவர்களில் எவரும் சொல்லவில்லை. பயம் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பயிற்சி. எனக்கு அது விளங்கியது நாலாவது கீமோவில். மிஸ் ஊசியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். மேலே பை, கீழே சிறு குழாய், அதில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழும். நெஞ்சு அடித்துக்கொண்டது. மற்ற நாளென்றால் கந்தசஷ்டி கவசத்தைப் பாதியில் தொடங்கிப் பாதியில் விடுவேன். அன்று பயம் எங்கே இருக்கிறதென்று தேடினேன். தொண்டையில் ஒரு உருண்டை, உள்ளங்காலில் குளிர், வயிற்றில் காலியான பை மாதிரி ஒன்று. அவ்வளவுதான். அது போகவில்லை. ஆனால் "மகளின் கல்யாணத்துக்கு இருப்பேனா" என்று பத்து வருடம் முன்னால் ஓடிய மனது திரும்பி வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்தது. அடுத்த சொட்டு விழுந்தது.

சிலருக்குக் கண்ணை மூடினால் பயம் பெருகும், பழைய துயரங்கள் கிளம்பும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துச் செய்யலாம். கூடாவிட்டால் நிறுத்தி, வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

பலன் எவ்வளவு? கனடாவின் கல்கரியில் ஸ்பேகாவும் லிண்டா கார்ல்சனும் 90 புற்று நோயாளிகளை வைத்து இந்தப் பயிற்சியைச் சோதித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வாரத்தில் மனக்கலக்கம் 65 வீதமும் மன அழுத்த அறிகுறிகள் 31 வீதமும் குறைந்தன. 2023இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இப்பயிற்சியைச் சிகிச்சையின்போதும் அதன் பின்னும் பரிந்துரைத்தது. கட்டி கரையும் என்று எங்கேயும் இல்லை. இப்படியான ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மார்பகப் புற்று வந்த பெண்கள் என்பதையும் மறைக்க வேண்டாம்.

கீமோவையும் கரண்ட் பிடிப்பதையும் (கதிர்ச் சிகிச்சையை) விட்டுவிட்டுத் தியானத்தில் இறங்குகிறேன் என்பவருக்கு ஒரே எண்: 2.5. மாற்றுச் சிகிச்சையை மட்டும் நம்பிய 281 பேரை வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு 2018இல் யேல் பல்கலைக்கழகத்தார் கண்ட மரண ஆபத்தின் மடங்கு அது.

நேரமுள்ளவர்களின் வேலை இது என்பார்கள். இங்கே விடியுமுன் விளக்குமாற்றோடு நகரைக் கூட்டப் போகிற மாநகர சபைத் தொழிலாளர்களிடம் மெத்தையும் ஊதுபத்தியும் கேட்டால் அது சரிதான். ஆனால் நடப்பதையும் கையை நீட்டி மடக்குவதையும் கவனிப்பதும் பயிற்சிதான். கிளினிக் கொப்பியை அடுக்கிவிட்டு நம்பர் கூப்பிடும் வரை எங்கள் எல்லாருக்கும் நேரம் கிடக்கிறது.

பௌத்தக்காரர் விஷயம், எங்களுக்கு ஆகாது என்பார்கள். புத்தரின் எண்வழியில் இதற்குத் தமிழ் வைத்த பெயர் நற்கடைப்பிடி. கடைப்பிடி என்றால் கொண்டதை மறவாமை என்று பழைய உரைகாரர்கள் பொருள் சொன்னார்கள். சதி என்ற சொல்லுக்கும் வேரில் நினைவு என்றே பொருள். எங்கள் வீட்டிலேயே கிடந்த சொல் இது.

போன கிழமை ஸ்கேன் முடிவுக்குக் காத்திருந்தபோது அக்கா வந்தார். "எப்படி டீச்சர்?" என்றார்.

"பயமா இருக்கு அக்கா."

திடமா இருங்க என்ற பேச்சு அவர் வாய்வரை வந்ததைப் பார்த்தேன். விழுங்கிக்கொண்டார். திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து, "தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்டார்.